சேத்துப்பட்டு ஆய்வும் முதுகெலும்பு டிபியும்

கல்வராயன் மலையில மரவள்ளி போட்டு, கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கிற ஒருத்தருக்கு முதுகெலும்பில் டிபி வந்தா என்ன செய்வாங்க? 1950கள்ல வழக்கமான பதில், மாசக்கணக்கில் அசையாம படுக்கை, உடம்பைச் சுத்தி மாவுக்கட்டு. இன்னொரு வழி, ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் 1956ல் வெளியிட்ட அறுவை சிகிச்சை. முன்பக்கமாகத் திறந்து, அரிச்ச எலும்பை எடுத்துட்டு வேற எலும்பை ஒட்ட வைக்கணும். ரெண்டுமே கூலிக்காரர் குடும்பத்துக்கு எட்டாத விஷயம்.

அதே 1956ல் சென்னை சேத்துப்பட்டில் டிபி ஆய்வு மையம் தொடங்கிச்சு. நுரையீரல் டிபிக்கு சானடோரியப் படுக்கை அவசியமில்ல, வீட்டிலேயே மருந்து போதும்னு 1959ல் காட்டினது இவங்கதான். எலும்புக்கும் அதே கேள்வியை 1975ல் கேட்டாங்க. ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சையும் 6 மாச மருந்தும். மத்த ரெண்டு பிரிவுக்கு நடமாடிக்கிட்டே 6 மாசம் அல்லது 9 மாசம் மருந்து மட்டும். (நடக்கவே முடியாதவங்களைச் சேர்க்கலை. கூன் அதிகமாகும் சின்னப் பிள்ளைங்க விஷயமும் தனி.) பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தப்போ நல்லா இருந்தவங்க முறையே 90, 94, 99 சதவீதம். கத்தி வைக்காதவங்க எந்த விதத்திலும் பின்தங்கல!

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. அவங்க கொடுத்த மருந்து ஐசோநியாசிட், ரிபாம்பிசின். இந்த ரெண்டுக்கும் அடங்காத கிருமியைத்தான் இன்னைக்கு பன்மருந்து எதிர்ப்பு டிபின்னு சொல்றோம். அதாவது சேத்துப்பட்டு முடிவு நின்ன ரெண்டு காலும் அங்க இல்ல.

கண்டுபிடிக்கிறதும் லேசு இல்ல. முதுகெலும்பு டிபி மட்டும்னா சளியில கிருமி தெரியாது. சிடி ஸ்கேன் பார்த்து ஊசி போட்டு எலும்பிலிருந்தே சதை எடுக்கணும். அதை சிபிநாட் கருவியில் வெச்சா ரிபாம்பிசின் எதிர்ப்பு ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சிரும். ஆனா எலும்பில் கிருமி கொஞ்சம்தான் இருக்கும், அதனால 'இல்லை'ன்னு வந்தாலும் நம்பிட முடியாது. என்னைக் கேட்டா, சதையை எடுக்காம மருந்தை ஆரம்பிக்கிறதுதான் இதுல பெரிய அபாயம்.

மருந்து இருக்கு: பெடாகுவிலின், லைனசோலிட், லீவோஃப்ளாக்சசின் மாதிரி. 2022ல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைச்ச 6 மாச மருந்துத் தொகுப்பு எலும்பு டிபிக்குப் பொருந்தாது. அதனால பெரும்பாலும் 18 மாசம் வரைக்கும் போகும். பெடாகுவிலினுக்கு அப்பப்போ இசிஜி, லைனசோலிடுக்கு ரத்தப் பரிசோதனை. வெள்ளிமலையிலிருந்து ஒவ்வொரு தடவையும் முதுகுவலியோட பஸ் பிடிச்சுக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினா, அன்னைக்குக் கூலியும் கிடையாது.