பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான்! - ஒரு வதந்தியின் வரலாறு

"சீக்கிரம் சாப்பிடு, இல்லேன்னா பிள்ளை பிடிக்கிறவன் வந்துடுவான்!" தமிழ்நாட்டில் இந்த வரியைக் கேட்காமல் வளர்ந்த குழந்தைகள் குறைவு. தோளில் ஒரு கோணிப்பை, பரட்டைத் தலை, அழுக்கு வேட்டி... அவனை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவன் எப்படி இருப்பான் என்று எல்லோருக்கும் தெரியும்!

இந்தக் கதை மிகவும் பழையது. ஆற்றில் பாலம் கட்டும்போது தூண் நிற்க வேண்டும் என்றால் பிள்ளையைப் பலி கொடுப்பார்கள் என்ற பேச்சு வெள்ளைக்காரர் காலத்திலேயே நாடெங்கும் உலவியது. பிறகு, பிள்ளைகளின் கண்ணைக் குருடாக்கிப் பிச்சை எடுக்க விடுவார்கள் என்றார்கள். அதன் பிறகு கிட்னி திருட்டு வந்தது. காலத்துக்கு ஏற்றபடி காரணம் மாறிக்கொண்டே வந்தது. ஆள் மட்டும் மாறவே இல்லை. அவன் எப்போதும் வெளியூர்க்காரன்.

நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைக்குச் சோறு ஊட்டப் பயன்பட்ட இந்தக் கதை, 2018-ல் மனிதர்களைக் கொன்றது.

2018: தமிழ்நாட்டில் நடந்தது என்ன?

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியாக ஒரு செய்தி பரவியது. வட இந்தியாவிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் ஒன்று வந்து இறங்கியிருக்கிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். கூடவே குரல் பதிவுகள், படங்கள், வீடியோக்கள்.

மே 9-ம் தேதி, சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண் ஒருவர் உறவினர்களோடு காரில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் சென்றார். உறவினர்களில் சிலர் மலேசியாவிலிருந்து வந்தவர்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போகும் பயணம் அது. வழி கேட்பதற்காகக் காரை நிறுத்தினார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான்! செய்தி செல்போனில் அடுத்தடுத்த கிராமங்களுக்குப் பறந்தது. கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மையார் இறந்துபோனார். உடன் சென்றவர்கள் படுகாயம் அடைந்தார்கள்.

அதே நேரத்தில் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று கருதப்பட்ட ஓர் ஆணை அடித்துக் கொன்று, உடலைப் பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு ஊர்களிலும் எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை! எல்லாக் குழந்தைகளும் அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள்.

இது தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. மே மாதம் பெங்களூர் சாமராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர் கொல்லப்பட்டார். ஜூன் 8-ம் தேதி அசாம் மாநிலம் கர்பி ஆங்லாங்கில், அருவி பார்க்கப் போன இரண்டு இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ரயின்பாடாவில், ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்துப் பிழைக்கும் நாடோடி சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள்.

கராச்சியில் எடுத்த படம்

இந்தக் கொலைகளுக்குப் பின்னால் இருந்த வீடியோக்களில் ஒன்றின் கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பைக்கில் வரும் இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்ப்பவர் நெஞ்சு பதறும்.

அது பாகிஸ்தானில் கராச்சி நகரில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம்! காணாமல் போகும் குழந்தைகளுக்காக வேலை செய்யும் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற தொண்டு நிறுவனத்துக்காக எடுக்கப்பட்டது. முழுப் படத்தில், தூக்கிச் சென்றவர்கள் அந்தச் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பாருங்கள் என்ற பொருளில் ஓர் அட்டையைக் காட்டுவார்கள். யாரோ ஒருவர் அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார். குழந்தைகளைக் காப்பாற்ற எடுத்த படம், சில நொடிகள் குறைந்ததும் மனிதர்களைக் கொல்லும் படமாகிவிட்டது.

சுற்றில் இருந்த இன்னொரு படத்தில் வெள்ளைத் துணி போர்த்திய குழந்தைகளின் உடல்கள் வரிசையாகக் கிடந்தன. உறுப்புகளைத் திருடிவிட்டுப் போட்டுவிட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தது. உண்மையில் அது 2013-ல் சிரியாவின் கூட்டா பகுதியில் நடந்த ரசாயன ஆயுதத் தாக்குதலில் இறந்த குழந்தைகளின் படம்.

செல்போன்தான் குற்றவாளியா?

அப்படிச் சொல்லிவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும். ஆனால் வரலாறு வேறு மாதிரி சொல்கிறது.

இணையம் என்றால் என்னவென்றே பொதுமக்களுக்குத் தெரியாத 1980-ம் ஆண்டு. ஆகஸ்ட் 17-ம் தேதி இரவு ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை அருகே கூடாரத்திலிருந்து ஒன்பது வாரக் குழந்தை அசாரியா காணாமல் போனது. டிங்கோ என்னும் காட்டு நாய் தூக்கிப் போய்விட்டது என்று தாய் லிண்டி சேம்பர்லைன் கதறினார். நாடு நம்பவில்லை. டிவி முன்னால் அவர் போதுமான அளவு அழவில்லையாம்! குழந்தைக்குக் கறுப்பு உடை போட்டாராம்! அசாரியா என்ற பெயருக்கே 'வனாந்தரத்தில் பலி' என்று பொருளாம்! அந்தப் பொருள் வெறும் கட்டுக்கதை.

1982 அக்டோபரில் லிண்டிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. காரில் குழந்தையின் ரத்தம் இருந்ததாக அரசுத் தரப்பு காட்டிய கறையில் பெரும்பகுதி, கார் தயாரிப்பில் சத்தத்தைக் குறைக்கத் தெளிக்கும் பூச்சு என்று பின்னால் தெரிந்தது. 1986-ல் டிங்கோக்கள் வாழும் பகுதியில் குழந்தையின் சட்டை கிடைத்தது. லிண்டி வெளியே வந்தார். 1988-ல் தண்டனை ரத்தானது. குழந்தையை டிங்கோதான் கொண்டுபோனது என்று மரண விசாரணை அதிகாரி முறைப்படி அறிவித்தது எப்போது தெரியுமா? 2012 ஜூன் 12! ஒரு வதந்தியைத் துடைக்க 32 ஆண்டுகள்.

அந்த 32 ஆண்டுகளும் பாடம் கற்றுத் தந்ததா? 2025 செப்டம்பரில் அதே நாட்டில், ஊர்களுக்கு வெகு தொலைவில் இருந்த ஓர் ஆட்டுப் பண்ணையிலிருந்து நான்கு வயதுச் சிறுவன் காணாமல் போனான். போலீஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே, உலகின் பல மூலைகளில் உட்கார்ந்தவர்கள் திரையில் துப்பறியத் தொடங்கிவிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு கொண்டு செய்த பொய்ப் படங்களும் சேர்ந்துகொண்டன. கருவி புதிது, பழக்கம் பழையது.

வதந்தியின் பொருளாதாரம்

பொருளாதாரப் பாடத்தின் அடிப்படை, தேவையும் அளிப்பும். ஒரு பொருளுக்குத் தேவை அதிகமாக இருந்து, கடையில் அளிப்பு இல்லை என்றால் என்ன ஆகும்? கள்ளச்சந்தை உருவாகும். செய்திக்கும் இதே விதிதான். 'என் பிள்ளை பத்திரமாக இருக்கிறதா?' என்ற கேள்வியைவிட அவசரமான தேவை உலகில் இல்லை. அதற்கு உரியவர்களிடமிருந்து பதில் வராவிட்டால், கள்ளச்சந்தையில் பதில் கிடைக்கும். அதன் பெயர்தான் வதந்தி. கள்ளச்சந்தைச் சரக்கில் கலப்படம் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வாங்குவார்கள்.

இதற்கு மிகச் சரியான உதாரணம், பிள்ளைப்பாக்கத்தை ஒட்டிய தொழிற்பேட்டைப் பகுதியிலேயே நடந்தது.

காணாமல் போன பெண்கள்

சிப்காட் வருவதற்கு முன் பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் எல்லாம் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடப்பட்டது. பிறகு வேறு கம்பெனிகள் வந்தன. ஒருவரை ஒருவர் தெரிந்த கிராமங்கள், யாரையும் யாருக்கும் தெரியாத ஊர்களாக மாறின.

சுங்குவார்சத்திரத்தில் ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்த்தார்கள். பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியவர்கள். 2021 டிசம்பர் 15-ம் தேதி ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இன்னும் சுமார் நூறு பேருக்கும் உடம்பு சரியில்லை.

இரண்டு நாள் கழிந்தது. பக்கத்துப் பாயில் படுத்தவளைக் காணோம். வேலைக்கும் வரவில்லை. எங்கே என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. அப்போதுதான் செல்போனில் பதில் வந்தது: சிலர் செத்துவிட்டார்கள், மறைக்கிறார்கள்!

டிசம்பர் 17-ம் தேதி இரவு பெண்கள் சாலைக்கு வந்தார்கள். சென்னை - பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை மறிக்கப்பட்டு, மறுநாளும் போராட்டம் தொடர்ந்தது. யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. பலர் கைது செய்யப்பட்டார்கள். வதந்தி பரப்பியதாக ஒரு யூடியூபரும் கைதானார்.

வதந்தி பொய்தான். ஆனால் அந்தப் பெண்களின் பயம் பொய்யா? அதிகாரிகள் விடுதியைச் சோதித்தபோது சமையலறையில் எலிகளும் மோசமான வடிகாலும் இருந்தன. நெருக்கடியான அறைகளில் தரையில் படுத்து உறங்கிய நிலை வெளியே வந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது. முதல் நாளே ஒருவர் வந்து, இன்னார் இன்ன மருத்துவமனையில் இருக்கிறார்கள், போனில் பேசுங்கள் என்று சொல்லியிருந்தால்? அந்த ஒரு வாக்கியத்தின் விலை, கிட்டத்தட்ட நான்கு வார உற்பத்தி!

போளூர் வதந்திக்கும் இந்த வதந்திக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே அந்தப் பெண்கள் யாரையும் அடிக்கவில்லை. அவர்கள் கேட்டது தோழிகளைப் பற்றிய தகவல். அங்கே யாரும் எதையும் கேட்கவே இல்லை. காரில் வந்தவர்களிடம் 'எந்த ஊர், யார் வீட்டுக்கு?' என்று நின்று கேட்டிருந்தால் குலதெய்வத்தின் பெயர் வந்திருக்கும்.

கணக்கு யார் தலையில்?

2018-க்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. அந்த ஜூலையில் வாட்ஸ்அப், பார்வர்டு செய்திகளுக்கு அடையாளம் போட்டது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது. ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் பொறுப்பு அதிகாரி வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஆனாலும் கள்ளச்சந்தை மூடப்படவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி, நிலைமையைப் பார்த்துப் போனது. அடுத்த ஆண்டே கதை திரும்பியது. 2024 பிப்ரவரியில் பிள்ளை பிடிக்கும் கும்பல் பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் மறுபடி வந்தன. சென்னையின் தெற்கே பம்மலில் ஒரு திருநங்கையைக் கட்டி வைத்து அடித்தார்கள்.

அடி வாங்கியவர்களை வரிசையாகப் பாருங்கள். வெளியூர்ப் பாட்டி, மனநலம் குன்றியவர், வேலை தேடி வந்தவர், நாடோடி, திருநங்கை. இவர்களுக்காக அந்தத் தெருவில் 'எனக்குத் தெரிந்தவர்தான், விடுங்கள்' என்று சொல்ல ஒருவரும் இல்லை. பிள்ளைப்பாக்கம் முதல் ஒரகடம் வரை வாடகை அறைகளில் தங்கி ஷிப்டுக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களின் நிலையும் அதுதான்.

உண்மையிலேயே குழந்தைகள் காணாமல் போகிறார்கள். அதை மறுக்க முடியாது. குழந்தையைக் காணோம் என்று புகார் வந்தால் உடனே எப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தல் என்று கருதியே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லிவிட்டது. 1098 என்ற எண் நாடு முழுவதும் குழந்தைகளுக்காகவே இருக்கிறது. பார்வர்டு செய்யும் நேரத்தில் அந்த எண்ணுக்கு அடிக்கலாம். படத்தில் இருக்கும் குழந்தை எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் காவல் நிலையம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதில் இல்லாத செய்தி, கலப்படச் சரக்கு.

2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. நெடுஞ்சாலையை மறித்த அந்த இரவுக்குப் பிறகு வந்த பதில்களில் அதுவும் ஒன்று. கட்டடம் வந்துவிட்டது, நல்லது. ஆனால் இன்னொரு நாள் யாராவது ஒருத்தி வேலைக்கு வராமல் போனால், பக்கத்துக் கட்டில்காரி கேட்கும் கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பதில் செல்போனில்தான் வரும்!