தடையும் நினைவும்



ஒரு நூலைத் தடைசெய்வது என்றால் என்ன? அரசாங்கம் ஆணை பிறப்பிக்கிறது. காவலர் அச்சகத்திற்குச் செல்கின்றனர். பிரதிகளைக் கட்டி எடுத்துச் செல்கின்றனர். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடும். ஆனால் தடையின் கதை அச்சகத்து வாயிலில் முடிந்துவிடுவதில்லை. அந்நூலை எழுதியவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா? அவர் பாடியதை முதலில் கேட்டவர் யார்? அவர் மறைந்த பின் அவருடைய தாள்களைக் காத்தவர் யார்? இவையும் வரலாற்றைச் சேர்ந்த வினாக்களே. இவற்றுக்கு விடை கூற வல்லவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவுதான். இன்று பேருந்தில் ஏறி அமர்ந்து நண்பரோடு நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடுகிறது. நூறாண்டுகளுக்கு முன்போ, அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே இரண்டு அரசாங்கங்களின் எல்லை இருந்தது. இப்பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. அப்பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. 1908-ஆம் ஆண்டு, 'இந்தியா' வார இதழின்மீது சென்னை அரசாங்கம் நடவடிக்கை எடுத்தபோது, சுப்பிரமணிய பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று அடைக்கலம் புகுந்தார். இதழும் அங்கிருந்தே வெளிவந்தது. அது ஆங்கிலேயர் எல்லைக்குள் நுழையக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. 1910-இல் இதழ் நின்றது. அவர் எழுதிய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்னும் இரு சிறு நூல்களும் பின்னர்த் தடைக்கு உள்ளாயின.

பத்து ஆண்டுகள் கழிந்தன. 1918 நவம்பர் 20-ஆம் நாள், புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதியார் கடலூர் அருகே கைது செய்யப்பட்டுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பர் 14-ஆம் நாள் விடுதலை கிடைத்தது. ஆயினும் நிபந்தனைகளோடு கூடிய விடுதலை அது. அவர் குறிப்பிட்ட மாவட்டங்களில்தான் வசிக்க வேண்டும்; தம் எழுத்துக்களை வெளியிடுமுன் காவல் துறை அதிகாரியின் பார்வைக்கு அனுப்ப வேண்டும். சிறைக் கதவு திறந்தது. எழுத்தின்மீது போட்ட பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. அவர் மனைவி செல்லம்மாளின் ஊராகிய கடையத்திற்குச் சென்று அவர்கள் வாழ்ந்தனர்.

இதுவரை கூறியவை அரசாங்க ஆவணங்களிலும் காணக்கூடியவை. இனி ஆவணங்கள் கூறாதவற்றைப் பார்ப்போம்.

1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். அப்போது செல்லம்மாளுக்கு முப்பதைச் சற்றே கடந்த வயது, இரண்டு பெண் மக்கள், செல்வமோ இல்லை. கணவரை இழந்த பெண் வீட்டின் மூலையில் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று ஊர் எதிர்பார்த்த காலம் அது. அவரோ, தம் தமையனாரின் துணையோடு சென்னையில் 'பாரதி ஆசிரமம்' என்னும் பதிப்பகத்தைத் தொடங்கி, 1922-இல் 'சுதேச கீதங்க'ளை வெளியிட்டார். கைம்பெண் ஒருவர், அரசாங்கத்தின் சந்தேகத்துக்கு ஆளான கவிஞரின் நாட்டுப் பாடல்களைப் பதிப்பித்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தத் துணிவு இல்லாதிருந்தால் எத்தனை பாடல்கள் நம் கைக்கு வந்திருக்கும்?

அப்பாடல்களின்மீதே 1928-இல் மீண்டும் தடை விழுந்தது. முதலில் பர்மா அரசாங்கம் தடை விதித்தது. அதைத் தொடர்ந்து சென்னை அரசாங்கமும் ஆணையிட்டு நூல்களைப் பறிமுதல் செய்தது. கவிஞர் மறைந்து ஏழாண்டுகள் ஆகியும் அவர் பாட்டைக் கண்டு ஆட்சி அஞ்சியது! சட்டசபையில் சத்தியமூர்த்தி இதனை வன்மையாகக் கண்டித்தார். அதற்கு முந்தைய ஆண்டில்தான், கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலையம்மாள், சென்னையில் நீல் சிலையை அகற்றும் போராட்டத்தில் இளம் மகளோடு கலந்துகொண்டு சிறை சென்றிருந்தார். நாட்டுணர்ச்சி ஆடவர் கூடும் மேடையை விட்டு வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்ட காலம் அது. வீட்டுக்குள் புகுந்த பாட்டை எந்தக் காவலரால் பறிமுதல் செய்ய முடியும்?

பிற்காலத்தில், அந்த வீட்டின் உள்ளிருந்தே நான்கு பெண்கள் எழுதினார்கள். செல்லம்மாள் சொல்லச் சொல்ல மூத்த மகள் தங்கம்மாள் எழுதிய 'பாரதியார் சரித்திரம்' 1941-இல் வெளிவந்தது. 1951-இல் செல்லம்மாள் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்னும் தலைப்பில் பேசினார். தங்கம்மாள் தம் தந்தையைப் பற்றித் தாமும் தனியே எழுதினார். இளையவர் சகுந்தலாவும் எழுதினார். நான்காமவர் யதுகிரி அம்மாள். இவர் 'இந்தியா' இதழோடு தொடர்புடைய மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகள். புதுச்சேரியில் பாரதியார் வீட்டில் சிறுமியாக ஓடியாடி, பல பாடல்களை அவர் வாயாலேயே கேட்டவர். அவருடைய 'பாரதி நினைவுகள்' 1954-இல் நூலாயிற்று.

நான் தலைமையாசிரியராக இருந்த சிதம்பரம் வட்டத்துப் பள்ளி ஒன்றில் அந்நூலின் ஒரே ஒரு பிரதி இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவியர் அதனை முறைவைத்துப் படித்தார்கள். ஒருத்தி இரண்டு நாள் வைத்திருப்பாள். பிறகு அடுத்தவளுக்குக் கொடுப்பாள். அட்டை கிழிந்தபோது யாரோ பழுப்புக் காகிதத்தால் உறை போட்டிருந்தார்கள். ஒரு மாணவி என்னிடம் வந்து கேட்டாள்: "ஐயா, பாரதியார் பாட்டுக்குத் தடை போட்ட செய்தி எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் பாடும்போது பக்கத்தில் இருந்த இந்த அம்மாவின் பெயர் ஏன் இல்லை?" நல்ல கேள்வி. வரலாற்றாசிரியர்கள் விடையளிக்க வேண்டிய கேள்வி.

நினைவு நூல்களை அப்படியே நம்பிவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. பல ஆண்டுகள் கழித்து எழுதுவோருக்கு நாளும் மாதமும் மாறிப்போவதுண்டு. அன்பு மிகுந்தால் குறைகள் மறைவதும் உண்டு. ஆனால் காவல் துறைக் குறிப்புகளும் முழு உண்மை அல்ல. ஒற்றன் தெருமுனையில் நின்று, யார் வந்தார், யார் போனார் என்று எழுதுவான். வீட்டுக்குள் அரிசி இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. இருந்த அரிசியையும் கவிஞர் குருவிகளுக்கு இறைத்தார் என்பதும், அன்று அந்த இல்லத்தரசியின் மனம் என்ன பாடுபட்டது என்பதும் அவன் குறிப்பில் ஏறா. இரண்டு சான்றுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவனே வரலாறு கற்றவன்.

இதைவிடக் கடுமையான தடையும் உண்டு: பெண் எழுதியதையே தடுப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் விளங்கிய முத்துப்பழனி, தெலுங்கில் 'ராதிகா சாந்தவனம்' என்னும் காவியத்தை இயற்றினார். 1887-இல் அது அச்சேறியபோது சில பாடல்கள் விடப்பட்டன; தம் குலத்துப் பெண்களைப் பற்றியும் தம்மைப் பற்றியும் அவர் எழுதியிருந்த முன்னுரைப் பகுதியும் விடப்பட்டது. பெண் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட சொற்களே முதலில் வெட்டப்பட்டன என்பதைக் கவனியுங்கள். இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப் பெற்று, 1910-இல் முழு நூலையும் பதிப்பித்தார். சிருங்காரம் மிகுந்த நூல் என்று எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் சமூகச் சீர்திருத்தவாதிகளும் இருந்தனர். ஆடவர் பாடிய சிருங்காரத்தைப் போற்றுவோர் பெண் பாடினால் மட்டும் முகம் சுளிப்பது என்ன நியாயம் என்று நாகரத்தினம்மாள் வாதாடினார். ஆங்கில அரசாங்கம் நூலைத் தடைசெய்தது. 1947-இல், பிரகாசம் முதல் முயன்றோரின் முயற்சியால், அத்தடை நீங்கியது.

இவ்விரண்டு வரலாறுகளும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. அரசாங்கம் போட்ட தடை ஒரு நாள் நீங்கும். பாரதியார் பாடல்களுக்குத் தடை போட்ட அதே சென்னையின் அரசு, 1949-இல் அவற்றை நாட்டுடைமை ஆக்கியது. பின்னர் அவை மக்கள் அனைவருக்கும் பொதுவாயின. ஆனால் சமுதாயத்தின் மறதி என்னும் தடையை நீக்க எந்த அரசாணையாலும் இயலாது. அதனை நீக்குவது படிப்பவர் கடமை.

ஆகவே, மாணவச் செல்வங்களே, செல்லம்மாளின் நூலையும் யதுகிரி அம்மாளின் நூலையும் நூலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே பிரதிதான் இருக்கிறதா? கவலை வேண்டா. ஒருவர் படிக்க மற்றவர் கேளுங்கள்; படித்து முடித்ததும் அடுத்தவர் கையில் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டியாரிடமும் பழைய நாள்களைக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். நாளைய வரலாற்றுக்கு அதுவும் ஒரு சான்றாகும்.