இந்திரா காந்தி: அன்னையா, சர்வாதிகாரியா?

கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் முதலில் மாமல்லபுரம் வரும், அதையும் தாண்டினால் கல்பாக்கம். அங்கே 1971இல் தொடங்கப்பட்ட அணு உலை ஆராய்ச்சி மையத்துக்கு 1985 முதல் இருக்கும் பெயர், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். பக்கத்திலேயே இருக்கும் சென்னை அணுமின் நிலையத்தை 1983 ஜூலையில் நாட்டுக்கு அர்ப்பணித்தவரும் அவர்தான். அடுத்த ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி தன் மெய்க்காப்பாளர்களாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இறந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும் அவரைப் பற்றி இந்தியாவில் ஒரே கருத்து உருவாகவில்லை. ஒரு வீட்டில் அவர் அன்னை இந்திரா, அடுத்த வீட்டில் எமர்ஜென்சி கொண்டுவந்த சர்வாதிகாரி. தமிழ்நாட்டில் இது இன்னும் சிக்கலானது. ஏனென்றால் இங்கே ஒரே கட்சியே அவரை இரண்டு விதமாகவும் அழைத்திருக்கிறது!

1975 ஜூன் 12ஆம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் ரேபரேலியில் அவர் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பதவி விலகச் சொல்லி எதிர்க்கட்சிகள் கிளம்பின. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த 21 மாதங்கள் பத்திரிகைகளுக்குத் தணிக்கை, எதிர்த்துப் பேசியவர்களுக்குச் சிறை. பின்னர் விசாரித்த ஷா கமிஷனின் கணக்குப்படி மிசா சட்டத்தில் மட்டும் 34,988 பேர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். 1976-77இல் நடந்த கருத்தடை அறுவை சிகிச்சைகள் 80 லட்சத்துக்கும் மேல். அதில் எத்தனை பேர் மனமுவந்து போனார்கள் என்பது வட இந்தியக் கிராமங்களுக்குத்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் முதல் ஏழு மாதங்கள் நிலைமை வேறாக இருந்தது. தி.மு.க. செயற்குழு எமர்ஜென்சியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மற்ற மாநிலங்களில் தேடப்பட்ட தலைவர்கள் இங்கே வந்து ஓரளவு மூச்சு விட்டார்கள். 1976 ஜனவரி 31ஆம் தேதி, ஆயுட்காலம் முடியச் சில வாரங்களே இருந்த கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது. உடனே கைதுகள் தொடங்கின. சென்னை மத்தியச் சிறையில் மு.க. ஸ்டாலின் மீது விழுந்த அடிகளைத் தன் உடம்பில் தாங்கியவர் முன்னாள் மேயரும் எம்.பி.யுமான சிட்டிபாபு. அந்தக் காயங்களிலிருந்து அவர் மீளவே இல்லை, 1977 ஜனவரியில் இறந்துபோனார். சிறையில் கைதிகள் தாக்கப்பட்டது உண்மை என்று நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிறகு சொன்னது. இன்றும் பெயருக்கு முன்னால் 'மிசா' என்று போட்டுக்கொள்ளும் பழைய கட்சிக்காரர்கள் உண்டு. சிறையில் கிடைத்த பட்டம் அது.

இவ்வளவும் நடந்த பிறகு 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்திராவே ரேபரேலியில் தோற்றார். ஆனால் தமிழ்நாட்டில் 39இல் 34 இடங்கள் காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணிக்கு! தமிழனுக்கு ஜனநாயகத்தில் அக்கறை இல்லையா என்று வடக்கே சிலர் கேட்கலாம். காரணம் அதுவல்ல. கட்டாயக் கருத்தடையும் டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்துத் தள்ளிய புல்டோசரும் இங்கே அந்த அளவுக்கு வரவில்லை. எம்.ஜி.ஆரின் செல்வாக்கு ஏறிக்கொண்டிருந்தது, தி.மு.க. மீது சர்க்காரியா கமிஷன் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அடி வாங்கியவர்கள் கட்சிக்காரர்கள். சாதாரண ஜனங்களுக்கு அது பக்கத்துத் தெருச் சண்டையாகவே தெரிந்திருக்கிறது.

அதற்கடுத்து நடந்ததுதான் விசித்திரம். 1977 அக்டோபரில் மதுரைக்கு வந்த இந்திராவுக்கு தி.மு.க. கறுப்புக்கொடி காட்டியது. அது வன்முறையாக மாற, அவரைக் காப்பாற்றப் போய்க் காயம்பட்டவர் பழ. நெடுமாறன். இரண்டே ஆண்டுகள்தான். "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்றார் கருணாநிதி. 1980 ஜனவரியில் அந்தக் கூட்டணிக்கு 37 இடங்கள். அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. ஆக, இரண்டு திராவிடக் கட்சிகளின் ஆட்சியையும் கலைத்தவர் அவர், இரண்டு கட்சிகளும் கூட்டணி வைத்துக்கொண்டதும் அவரோடுதான். 1984 டிசம்பரில், அவர் இறந்த அனுதாபத்தில், அ.தி.மு.க.வும் காங்கிரசும் சேர்ந்து மறுபடி 37 இடங்களை அள்ளின.

அந்த அனுதாபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கல்பாக்கத்துக்கு அவர் வந்துபோன அதே 1983 ஜூலையில்தான் கொழும்பில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். நரசிம்ம ராவை உடனே கொழும்புக்கு அனுப்பினார், பிறகு ஜி. பார்த்தசாரதியைத் தூதராக்கினார். ஈழத்தமிழர்களில் பலர் அவர் இருந்திருந்தால் என்று இன்றும் ஏங்குவது இதனால்தான். ஆனால் 1974இல் கச்சத்தீவு இலங்கைக்குப் போனதும் அவர் கையெழுத்தில்தானே? ராமேஸ்வரத்து மீனவரிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும். பஞ்சாபில் கேட்கவே வேண்டாம். 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அவர் இறந்த பிறகு டெல்லியில் கொல்லப்பட்ட சீக்கியர்கள் அரசுக் கணக்கிலேயே 2,733 பேர். இதில் பின்னது அவர் செய்ததல்ல. ஆனாலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

வணிகவியல் பாடப்புத்தகத்தில் அவருக்கு இருப்பது வேறு முகம். 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசியமயமாயின. சென்னையில் பிறந்த இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் அடக்கம். அதற்கு முன் வங்கிக் கடனில் விவசாயத்துக்குப் போனது 2 சதவீதம் அளவுதான். கிராமத்துக்கு வங்கிக் கிளை வந்தது அதன் பிறகே. அதே வங்கிகளில் 1980களில் கடன் மேளா நடத்தி வாராக்கடனை வளர்த்ததும் அந்த வழியின் தொடர்ச்சிதான். 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம் என்பதை இன்றைய மாணவர்கள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்!

எல்லாவற்றையும்விட யோசிக்க வைப்பது 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தபோது, 1976இல் நிறைவேறியது. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு எடுத்துப்போனது இதுதான். நீட் எதிர்ப்புக் கூட்டம் எது நடந்தாலும் அந்த வலி பேசப்படுகிறது. அதே திருத்தம்தான் 1971 கணக்கெடுப்பின்படி மக்களவை இடங்களை உறைய வைத்து, குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த தமிழ்நாட்டின் 39 இடங்கள் குறையாமல் காத்தது. 2001இல் இன்னொரு திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. ஜனநாயகம் இல்லாத நேரத்தில் போட்ட சட்டத்தின் ஒரு பாதியை எதிர்த்துக்கொண்டே மறுபாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

2024இல் மத்திய அரசு ஜூன் 25ஐ அரசியல் சட்டப் படுகொலை தினமாக அறிவித்தது. காங்கிரஸ்காரர்களோ அக்டோபர் 31இல் அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள்.

கோவளம் கடற்கரையில் நிற்பவர்களுக்கு இரண்டு தேதியும் நினைவுக்கு வராது. ஆனால் 1981 நவம்பரில் அவர் முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அலை ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரையில் எதுவும் கட்டாமல் விடுங்கள் என்பது அதன் சாரம். 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்கு அடிப்படை அந்தக் கடிதம்தான். அது பல தடவை தளர்த்தப்பட்டுவிட்டது. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை, நெருக்கமாக மக்கள் வாழும் கிராமப்புறக் கடற்கரைகளில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது.