மூதாதையின் குரல்: 'ஸ்வீட் ஹோம்' என்னும் விளையாட்டு

1989ஆம் ஆண்டு ஜப்பானில் 'ஸ்வீட் ஹோம்' என்ற பெயரில் இரு படைப்புகள் வெளிவந்தன. ஒன்று, கியோஷி குரோசவா இயக்கிய பேய்ப்படம். மற்றொன்று, அப்படத்தைத் தழுவி, நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்காகக் காப்காம் நிறுவனம் வெளியிட்ட வீடியோ விளையாட்டு. அதனை இயக்கியவர் தொக்குரோ ஃபுஜிவாரா.

மறைந்த ஓவியர் மாமியா இச்சிரோவின் பாழடைந்த மாளிகைக்குள், அவரது சுவரோவியங்களைத் தேடி ஐவர் நுழைகின்றனர். குழந்தையை நெருப்புக்குப் பறிகொடுத்த தாயின் ஆவி அங்கே உறைகிறது. இறந்தவர் மீள்வதில்லை, எஞ்சியோரின் எண்ணிக்கைக்கேற்ப முடிவு மாறும். நாம் இங்குக் கவனிக்க வேண்டியது, கதை முழுவதும் எழுத்தில் தங்கியிருப்பதையே. குறிப்புகள், சுவரெழுத்துகள், சாகும் தறுவாயில் உள்ளோரின் சொற்கள் ஆகியவற்றை வாசித்தே அத்தாயின் துயரம் அறியப்படுகிறது. அதை அறியாதவர் கையில் ஆயுதம் இருந்தும் பயனில்லை.

இவ்விளையாட்டைப் புதுப்பிக்கும் முயற்சியாகத் தொடங்கியதே, 1996இல் ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'ரெசிடென்ட் ஈவில்'. தனித்த மாளிகை, சிதறிய குறிப்புகள், குறைந்த அளவே சுமக்கக்கூடிய பொருள்கள், மெல்லத் திறக்கும் கதவு ஆகிய யாவும் மூலத்திலிருந்து வந்தவை. ஆயினும் மூலத்திற்கு அதிகாரபூர்வமான ஆங்கிலப் பதிப்பு வரவில்லை. வழித்தோன்றலை அறிந்த உலகம் மூதாதையை அறியவில்லை.

அக்குறையை 2000ஆம் ஆண்டில் நீக்கியவர்கள் ஊதியம் பெறாத ஆர்வலர்களே. அவர்களது பணி சொற்களைப் பெயர்ப்பதோடு முடியவில்லை. ஜப்பானியக் கானா எழுத்து, நம் உயிர்மெய்யைப் போல, ஓரசையை ஒரே குறியில் அடக்கும். ஆங்கிலத்திற்கோ இரண்டு மூன்று எழுத்துகள் வேண்டும். நினைவகச் சில்லின் குறுகிய இடத்திற்குள் வாக்கியங்களைச் சுருக்கியும், எழுத்துருவை மாற்றியும், ஒவ்வொரு வரியும் இருக்குமிடத்தைக் கணினிக்குத் திருத்திச் சொல்லியும் அவர்கள் உழைக்க வேண்டியிருந்தது. இத்தகைய மொழிபெயர்ப்புகள் விளையாட்டாகப் பகிரப்படுவதில்லை. மாற்றங்கள் மட்டும் அடங்கிய சிறு ஒட்டுக்கோப்பாகவே பகிரப்படுகின்றன. எனினும் உரிமையாளரின் இசைவு பெறாத இப்பணி சட்டத்தின் விளிம்பில் நிற்பதே.

ஒரு படைப்பின் செல்வாக்கைப் பட்டியலிடுவது எளிது. அப்படைப்பையே வாசிக்கத் தருவது அரிது. 'ரெசிடென்ட் ஈவிலின் முன்னோடி' என்ற அடைமொழிக்குள் ஒடுங்கியிருந்த 'ஸ்வீட் ஹோம்', தனக்கென ஒரு கதையும் ஒரு தாயின் துயரமும் உடைய படைப்பு என்பதை ஆங்கில வாசகர் உணர்ந்தது இவ்வார்வலர்களால்தான். விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர், ஆக்கியோன் பெயருக்கு அருகிலேயே மொழிபெயர்த்தோருக்கும் இடமளிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.