அடிபம்பு பிறந்த கதை

1966-67இல் பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் மழை பொய்த்தது. கிணறுகள் வற்றின. அடியில் தண்ணீர் இருந்தது, நடுவே பாறை கிடந்தது. யுனிசெஃப் பாறை துளைக்கும் ரிக்குகளை விமானத்தில் கொண்டுவந்து இறக்கியது. வெடி வைத்து மாதக்கணக்கில் தோண்டிய இடத்தில் ஓரிரு நாளில் போர் போட முடிந்தது. அரசாங்கமும் உற்சாகமாகிக் கிராமம் கிராமமாகப் போர் போட்டது. இத்தனை போர் என்று கணக்குக் காட்டுவதும் எளிதாக இருந்தது.

மேலே மாட்டிய பம்புதான் காலை வாரிவிட்டது. அது ஐரோப்பிய, அமெரிக்கப் பண்ணை வீடுகளுக்கென வார்க்கப்பட்ட வார்ப்பிரும்பு பம்பின் நகல். ஒரு குடும்பம் நாளுக்கு நாலைந்து வாளி அடிக்கலாம், அவ்வளவுதான். இங்கே விடியற்காலையிலிருந்து இருட்டும்வரை ஊரே வரிசையில் நின்று அடித்தது. அச்சாணி தேய்ந்தது, கைப்பிடி ஒடிந்தது. 1974இல் யுனிசெஃப் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ முக்கால்வாசிப் பம்புகள் ஓடவில்லை. கணக்கில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, குடத்தில் வரவில்லை.

நல்ல பம்பு ஏற்கெனவே மகாராஷ்டிரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜால்னாவில் மிஷன்காரர்கள் வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகில் ஒரு பம்பு செய்திருந்தார்கள். அதைச் சீர்படுத்தி வந்ததுதான் சோலாப்பூர் பம்பு. மத்திய அரசும் யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் இதையே அடிப்படையாகக் கொண்டன. சென்னையிலிருந்த இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனமான மெராடோவும், அரசுத் துறை நிறுவனமான ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸின் சென்னைப் பட்டறையும் புது வடிவத்தை உருவாக்கின. சோதித்துப் பார்த்தது கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில். தண்ணீர் ஆழத்தில் கிடக்கும், அடிக்க ஆளும் நிறைய. அங்கே தாக்குப்பிடித்தால் எங்கேயும் தாக்குப்பிடிக்கும் என்பது எண்ணம். 1977-78இல் உற்பத்தி தொடங்கியது. இந்தியா மார்க் 2 என்று பெயர் வைத்தார்கள்.

முன்மூடியைக் கழற்றிப் பார்த்தால் சூட்சுமம் தெரியும். கைப்பிடியின் உள்முனை கால்வட்டமாக வளைந்திருக்கும். அதன்மேல் சைக்கிள் செயின் மாதிரி ஒரு சங்கிலி படிந்து தொங்கும். சங்கிலியின் நுனியில் கம்பி, கம்பியின் அடியில் பல அடி ஆழத்தில் பிஸ்டன். கைப்பிடி எப்படி ஏறி இறங்கினாலும் கம்பி நேராகவே போய்வரும், பக்கவாட்டில் இழுபடாது. ஒடிவதும் தேய்வதும் குறைந்தது இதனால்தான். சங்கிலிக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. கீழே இறங்குவது கம்பியின் சொந்த எடையால். அதனால் தண்ணீர் மேலேயே இருக்கும் ஊரில் இந்தப் பம்பு அவ்வளவு எடுபடாது. நீண்ட கைப்பிடி முழு எஃகு. அதன் கனம் கம்பியின் கனத்துக்கு எதிரெடையாக நிற்பதால், பத்து வயதுப் பிள்ளைகூட தொங்கி அடித்துக் குடத்தை நிரப்பிவிடும்.

வடிவத்தைவிடப் பெரிய காரியம் அதற்குப் பிறகு நடந்தது என்பேன். இந்த வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் கண்டபடி செய்ய முடியாது. 1979இல் ஐஎஸ் 9301 என்ற இந்தியத் தரம் வந்தது. யுனிசெஃப் வாங்கும் பம்புகளை வெளியாள் வந்து பட்டறையிலேயே அளந்து பார்த்த பிறகுதான் லாரி ஏற்றினார்கள். ஒரு பட்டறையின் பேரிங் இன்னொரு பட்டறையின் பம்பில் உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் பராமரிப்புக்கு மூன்றடுக்கு முறை கொண்டுவந்தார்கள்: ஊரில் நட்டு முடுக்கிக் கிரீஸ் தடவ ஒருவர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு வேனோடு ஒரு குழு.

வேனுக்குக் காரணம் பிஸ்டனில் இருக்கும் தோல் வாஷர். அற்ப விலைதான். அது தேய்ந்தால் முக்காலி நிறுத்தி, போருக்குள் இருக்கும் குழாயை எல்லாம் உருவ வேண்டும். நாலு பேராவது வேண்டும். குழாயை அகலமாக்கி, பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கும் மார்க் 3ஐ 1980களில் மறுபடியும் கோவைப் பக்கத்திலேயே சோதித்தார்கள். அகலக் குழாய்க்குக் கனமும் விலையும் கூடுதல், ஆகவே மார்க் 2 தன் இடத்தை விடவில்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் போனது.

இப்போது பல ஊர்களில் கைப்பிடியைக் கழற்றிவிட்டு அதே போரில் மோட்டார் இறக்கி, பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைக்கிறார்கள். வசதிதான், மறுக்கவில்லை. உங்கள் ஊர் கிராம சபையில் அந்தப் பேச்சு வந்தால் ஒரு பம்பையாவது கழற்றாமல் விடச் சொல்லுங்கள். புயலில் நாலு நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் அது தண்ணீர் தரும்.