காகிதத்தில் ஒரு தோட்டம்

போன கோடையில், ஆடி மழையை எதிர்பார்த்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கொல்லையை ஒரு பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடியோடு மாற்றிப் போட்டேன். அவரைப் பந்தல் கிணற்றடிக்குப் போயிற்று. வாழை வேலியோரம் வந்தது. நடுவே வளைந்து செல்லும் ஒரு பாதைகூடப் போட்டாயிற்று. என் மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, கொத்தப் போகிறது யார்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் எனக்கு ஜெபர்சனை ஞாபகப்படுத்திற்று.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன், தோட்டத்துக்கென்றே தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். 1766-ஆம் வருஷ வசந்தத்தில் ஓர் ஊதாப் பூ மலர்ந்த செய்தியோடு தொடங்கும் அந்தக் குறிப்புகள் 1824 வரை வருகின்றன. உத்தியோகம் வாஷிங்டனில்; வீடோ வர்ஜீனியாவில், மாண்டிசெல்லோ என்ற குன்றின் உச்சியில். 1807 ஜூனில் பேத்தி ஆனுக்கு ஒரு கடிதம் எழுதினார். வீட்டைச் சுற்றியுள்ள பாத்திகள் தாம் வளர்க்க விரும்பும் பூக்களுக்குப் போதா என்றும், புல்வெளியைச் சுற்றி வளைந்த நடைபாதை அமைத்து இருமருங்கிலும் பூச்செடி வைக்கலாம் என்றும் சொல்லி, படமும் போட்டு அனுப்பினார். பிலடெல்பியாவிலிருந்து மக்மஹன் என்ற விதை வியாபாரி பூங்கிழங்குகள் அனுப்பிவைத்தார்.

1809 மார்ச்சில் பதவியை விட்டு, பனிப்புயலுக்கு நடுவே வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் புதிய ஜனாதிபதி மாடிஸனுக்கு எழுதிய கடிதத்தில், இந்த வருஷம் வசந்தம் மிகவும் பிந்திவிட்டது, தோட்டத்தில் வேலை அதிகம் நடக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். அறுபத்தைந்து வயசிலும் அந்த ஆவல்! படிக்கும்போது அந்தக் கிழவர் மேல் எனக்குப் பிரியமே உண்டாயிற்று.

ஆனால், கொத்தியது யார்?

வொர்ம்லி ஹியூஸ் என்று ஒருவர். 1781-ல் பிறந்தவர். ஜெபர்சனின் அடிமை. மண்வெட்டியும் களைக்கொட்டுமாக அவர் நின்ற கோலத்தைப் பேத்திமாரில் ஒருத்தி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறாள். காய்கறித் தோட்டத்துக்காக மலைச் சரிவை வெட்டி ஆயிரம் அடி நீளத்துக்குச் சமப்படுத்தியவர்களும் அடிமைகளே. கூலி பேசி அவர்களுடைய எஜமானர்களிடமிருந்து அமர்த்தப்பட்டவர்கள். மனிதர் யாவரும் சமம் என்ற 1776-ஆம் வருஷப் பிரகடனத்தை எழுதிய கைதான் இந்தப் படங்களையும் போட்டது.

1826 ஜூலை 4-ந் தேதி ஜெபர்சன் இறந்தபோது அவருக்குக் குழி வெட்டியவரும் வொர்ம்லிதான். மாண்டுபோனவர் பெருங் கடனை வைத்துவிட்டுப் போயிருந்தார். 1827 ஜனவரியில் 130 அடிமைகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். வொர்ம்லியை எழுத்தில்லாமல் வாய்மொழியாக விடுவித்திருந்தார்கள்; அவருடைய மனைவி அர்ஸுலாவும் குழந்தைகளும் ஏலத்தில் நின்றார்கள். அந்தத் தை மாதக் குளிரில் அவர் எந்த வசந்தத்துக்குக் காத்திருக்க முடியும்?

காலப்போக்கில் நடைபாதை புல்மூடி மறைந்துவிட்டது. 1939-ல் அதை மீட்க முனைந்தவர்களிடம் ஜெபர்சனின் படம் இருந்தது. ஆயினும் பாதை போன தடத்தைத் தரையில் கண்டுகொள்ள, இரவில் மோட்டார் விளக்கைப் புல்வெளி மேல் சாய்வாக அடித்துப் பார்த்தார்கள். நிழல் விழுந்த இடத்தில் அந்தப் பழைய வளைவு தெரிந்தது. காகிதம் யோசித்தவரைக் காட்டியது. மண்ணோ வெட்டியவர்களின் கைவேலையை அத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்தது.

ஆடி பிறந்தது, மழையும் வந்தது. கொத்துவதற்குப் பெரியவர் ஒருவர் வந்தார். நான் நோட்டை உள்ளேயே வைத்துவிட்டு, பந்தலை எங்கே போடலாம் என்று அவரையே கேட்டேன். அவர் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எங்கே வேணாலும் போடலாம் சாமி, கிணத்தடியிலே மட்டும் வேணாம். அங்கே வெயிலே படாது" என்றார்.