பெயர் சொல்லும் கடமை: பெர்க்லி யூனிக்ஸும் லினக்ஸும்

கட்டற்ற இயங்குதளங்களின் வரலாறு பொதுவெளியில் பெரும்பாலும் லினக்ஸின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தமது முயற்சியை அறிவித்தார், உலகெங்கிலுமிருந்து நிரலாளர்கள் திரண்டனர் என்பது அக்கதையின் சுருக்கம். அதற்கு இரு மாதங்கள் முன்னதாகவே, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் ஏறத்தாழ முழுமையான ஓர் இயங்குதளத்தின் மூலநிரலை, எவரும் மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டிருந்தது. நெட்-2 எனப்பட்ட அவ்வெளியீட்டில் கருநிரலின் ஆறு கோப்புகள் மட்டுமே விடுபட்டிருந்தன.

ஏடி அண்டு டி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸை 1970களிலிருந்தே பெர்க்லி விரிவாக்கி வந்தது. 1983இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி, இணையத்தின் அடிப்படையான டிசிபி/ஐபி நெறிமுறையைப் பல்கலைக்கழகங்களுக்குப் பரவலாகக் கொண்டுசேர்த்தது. நெட்-2க்காகக் கீத் போஸ்டிக் தன்னார்வலர்களைத் திரட்டி, யூனிக்ஸின் துணைநிரல்களை முதலிலிருந்து எழுதச் செய்தார். அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஊதியம், எழுதிய நிரலின் பக்கத்தில் தம் பெயர் இடம்பெறுவது. பெயரே கூலியாக இருந்த இந்த ஏற்பாட்டை மனத்தில் கொண்டால்தான் பின்னர் நடந்தவை விளங்கும்.

நெட்-2ஐ முழுமையாக்கி விற்கத் தொடங்கிய பிஎஸ்டிஐ நிறுவனம், யூனிக்ஸ் என்ற சொல் அமையும்படியான தொலைபேசி எண்ணை விளம்பரப்படுத்தியது. ஏடி அண்டு டியின் துணை நிறுவனமான யுஎஸ்எல்லின் முதல் எதிர்ப்பு அந்தப் பெயரைக் குறித்தே எழுந்தது. 1992இல் வழக்குத் தொடுத்தபோது அது நிரலுரிமை வரை விரிந்து, பல்கலைக்கழகத்தையும் உள்ளிழுத்தது. நெட்-2இன் விற்பனைக்கு இடைக்காலத் தடை விதிக்க 1993இல் நீதிமன்றம் மறுத்தது. அதன்பின் பல்கலைக்கழகம் தொடுத்த எதிர்வழக்கின் மையம் கவனத்திற்குரியது: பெர்க்லியின் நிரலைத் தன் யூனிக்ஸில் சேர்த்துக்கொண்ட யுஎஸ்எல், உரிமம் கோரியபடி பெர்க்லியின் பெயரைக் குறிப்பிடவில்லை என்பது. யுஎஸ்எல்லை நோவெல் வாங்கிய பின், 1994 தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டது. சுமார் 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை மூன்று.

அதே ஆண்டு மார்ச்சில் லினக்ஸ் 1.0 வெளிவந்தது. தாம் தொடங்கிய காலத்தில் 386பிஎஸ்டி கிடைத்திருந்தால் லினக்ஸ் பிறந்திருக்காது என்று டோர்வால்ட்ஸ் கூறியது பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது. பிஎஸ்டி ஆதரவாளர்கள் இதைப் பற்றிக்கொண்டு, வழக்கு ஒன்றே லினக்ஸை வெல்ல வைத்தது என வாதிடுவதுண்டு. அது மிகை. வழக்கு நடந்துகொண்டிருந்த 1993லேயே நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் வெளிவந்துவிட்டன. முகமறியாதவர் அனுப்பும் திருத்தங்களையும் விரைந்து ஏற்ற லினக்ஸின் வளர்ச்சிமுறைக்கு அதன் வெற்றியில் பெரும் பங்கு உண்டு. ஒருதரப்பு மறதிக்கு மறுதரப்பு மிகை மருந்தாகாது.

லினக்ஸ் என்ற பெயரும் வழக்கிற்கு அப்பாற்பட்டதன்று. அது உண்மையில் கருநிரலின் பெயர். அதனைச் சூழ்ந்த கருவிகளில் கணிசமானவை 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே குனு/லினக்ஸ் எனச் சொல்லுமாறு அவர் வேண்டினார். டெபியன் ஏற்றது, பேச்சுவழக்கு ஏற்கவில்லை. அதே ஸ்டால்மன்தான், நிரலின் சிறப்பைப் பேசும் ஒவ்வொரு விளம்பரமும் பெர்க்லிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்ற பிஎஸ்டி உரிம விதியைக் கடுமையாக எதிர்த்தார். பிறரும் தத்தம் பெயரை இட்டு அவ்விதியைப் படியெடுத்ததால், 1997இன் நெட்பிஎஸ்டி பதிப்பொன்றில் இத்தகைய 75 வாக்கியங்களை அவர் எண்ணினார். முரண்பாடு போலத் தோன்றினாலும் வேறுபாடு உண்டு: அவர் தமக்குக் கேட்டது வேண்டுகோளாக, சட்ட நிபந்தனையாக அன்று.

1999 ஜூலையில் பல்கலைக்கழகம் அவ்விதியை நீக்கியது. பதிப்புரிமைக் குறிப்பை நிரலோடு வைத்திருக்கும் கடமை எஞ்சியது. விளம்பரத்தில் பெர்க்லியின் பெயர் சொல்லும் கடமை மறைந்தது. ஆப்பிள் மேசைக்கணினிகளின் இயங்குதளத்திலும் பிளேஸ்டேஷன் 4இலும் ஃப்ரீபிஎஸ்டியின் நிரல் உள்ளது. தொலைவிலுள்ள லினக்ஸ் வழங்கிகளுக்குள் நுழைய நாள்தோறும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச், ஓப்பன்பிஎஸ்டி குழுவின் ஆக்கம்.